ஒரு சனி நான், ஒரு சனி அவள்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு சின்னப் பாராட்டு விழா வைத்தார்கள். நாற்பத்து மூன்று வயதில், முழுநேர வேலையும் பார்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே வெளிவாரியாகப் படித்துப் பட்டம் வாங்கிவிட்டேனாம். மாலை போட்டார்கள். ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பிறகு பெரிய டொக்டர் எழும்பி, "வேலையோடை படிக்கிற இளம் ஆக்கள் இஞ்சை நாலைஞ்சு பேர் இருக்கினம். உங்களுக்கு ஊக்கம் எங்கையிருந்து வந்தது எண்டு ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்றார்.

நானும் சொன்னேன். சன்னதி முருகனின் அருள் என்றேன். கணவரின் ஒத்துழைப்பு என்றேன். விடாமுயற்சி, நேர முகாமைத்துவம் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் அள்ளி விட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்து எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் என் பக்கத்துக் கதிரைக்காரி.

சொன்னது அத்தனையும் பொய். முருகனில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த ஐந்தாறு வருடமும் என்னை விடிய எழுப்பிக் கொப்பிக்கு முன்னால் இருத்தியது எரிச்சல். கலப்படமில்லாத வயிற்றெரிச்சல். அதுவும் பலமாகக் கை தட்டினாளே, அவள் மேல்.

நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் துண்டு எழுதும் கவுண்டரில் வேலை. வருத்தக்காரர் வந்தால் பெயர், வயது, ஊர் கேட்டுத் துண்டில் எழுதி, இலக்கம் போட்டு டொக்டரிடம் அனுப்ப வேண்டும். இரண்டு கதிரை, ஒரு மேசை, ஒரு காற்றாடி. காற்றாடியும் அவள் பக்கம்தான் கூடத் திரும்பும். அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள், தொண்டைமானாற்றுப் பெண். கணவர் சொந்தப் படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் அச்சுவேலிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். படிப்பு என்றால் அது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எழுதி வைத்த சொத்து என்ற தடித்த நினைப்பு ஒன்று எனக்குள் இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

ஒரு நாள் காலை, கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரம், அவள் சொன்னாள்:

"அக்கா, நான் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிஞ்சிட்டன். வணிகம். சனிக்கிழமையளிலை யாழ்ப்பாண ரவுணிலை வகுப்பு."

"நல்லது பிள்ளை, நல்லது" என்று வாய் சொன்னது. உள்ளே குப்பென்று பற்றியது. பதினெட்டு வருடமாக அந்தக் கதிரையில் இருக்கிற எனக்குத் தோன்றாதது நேற்று வந்த இவளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ரவுணுக்குப் போய் நானும் பதிந்தேன். அதே பட்டம், அதே வகுப்பு. இதைக் கேட்டதும் அவள் துள்ளினாள்.

"ஐயோ அக்கா, எனக்குத் துணைக்கு ஆள் கிடைச்சிட்டுது!"

துணையாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். சனிக்கிழமையும் மத்தியானம் வரை துண்டு எழுத வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக லீவு போட முடியாது. லீவுப் படிவத்தில், நான் இல்லாத நேரம் இன்னார் என் வேலையைப் பார்ப்பார் என்று அந்த இன்னார் கையெழுத்து வைத்தால்தான் அலுவலகத்துக்குப் பொறுப்பான பிரதம லிகிதர் அதைத் தொடுவார். எங்கள் கவுண்டரில் அந்த இன்னார் நானும் அவளும் மட்டும்தான். ஆகவே ஒரு சனி நான் வகுப்புக்கு, அவள் கவுண்டரில். அடுத்த சனி அவள் வகுப்புக்கு, நான் கவுண்டரில். போகிறவர் கொப்பியில் எழுதி, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து மற்றவருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பட்டத்தில் பாதியை நான் என் காதால் கேட்டேன். மீதிப் பாதியை அவள் கையெழுத்தில்தான் படித்தேன். அவளுக்கும் அப்படித்தான்.

அவள் கையெழுத்து! அதுவும் ஒரு எரிச்சல். குண்டு குண்டாக, அச்சில் வார்த்தது போல. தலைப்புக்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம். ஓரத்தில் எனக்கென்று குறிப்பு வேறு: "அக்கா, இந்த இடம் படிப்பிக்கிற சேருக்கே குழம்பினது, நீங்கள் பயப்பிடாதேங்கோ." என் கொப்பி கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதைப் படித்துத்தான் அவள் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்தாள். முதல் வருடமும் எடுத்தாள். இரண்டாம் வருடமும் எடுத்தாள்.

கணவர் கடலுக்குப் போக நாலு மணிக்கு எழும்புவாராம், அவருக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு அவள் படிக்க இருப்பாளாம். இதைக் கேட்ட நாள் முதல் நான் மூன்றேமுக்காலுக்கு அலாரம் வைத்தேன். எழும்பியதும் முதல் வேலை போனை எடுத்து அவள் வாட்ஸப்பில் இருக்கிறாளா என்று பார்ப்பது. இருந்தால் எனக்கு நித்திரை பறந்துவிடும். இல்லையென்றால், சரி, இன்று ஒரு பாடம் முந்திவிடலாம் என்று ஒரு சந்தோஷம். இதுதான் என் நேர முகாமைத்துவம்.

என் கணவர் கெட்டவர் இல்லை. இரும்புக் கடையில் வேலை. "படியும், படியும். ஆர் வேண்டாமெண்டது" என்பார். இரண்டு நிமிடத்தில் குசினியிலிருந்து சத்தம் வரும். "இஞ்சேரும், சீனிப் போத்தல் எங்கை?" சீனிப் போத்தல் அவர் மூக்குக்கு நேரே இருக்கும். அவள் கணவரோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே அவளிடம் பாடம் கேட்பாராம். வரைவிலக்கணம் ஒன்றில் ஒரு சொல்லு விட்டாலும் பிடித்துவிடுவாராம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர்! வகுப்பு நாளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கி, மத்தியானம் பொரித்த மீனும் சோறும் கொண்டுவந்து வாசலில் நிற்பார். நான் மினிவானில் நசுங்கி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவேன். சீ, இதையெல்லாம் எண்ணிக்கொண்டு இருந்தேனே என்று இப்போது நினைக்கிறேன். எண்ணினேன். ஒன்றையும் விடாமல் எண்ணினேன்.

கவுண்டரிலும் அதே கதைதான். நான் தனியே இருக்கிற சனிக்கிழமைகளில் வயதான ஆட்கள் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்ப்பார்கள்.

"மற்றப் பிள்ளை இல்லையோ?"

"ஏன், நான் எழுதினால் துண்டு செல்லாதோ?" என்று சீறுவேன்.

கடைசி வருடம் வந்தது. எல்லாப் பாடமும் இரண்டு பேருக்கும் சரி, புள்ளிவிபரவியலைத் தவிர. அதை நான் எழுதித் தோற்றேன். அவள் எழுதவே இல்லை. பரீட்சை நாள் விடியக் கணவரின் படகு திரும்பி வரப் பிந்திவிட்டது. அவள் கரையிலேயே நின்றுவிட்டாள். படகு பத்து மணிக்கு வந்ததாம், பரீட்சை ஒன்பதுக்குத் தொடங்கியாயிற்று. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்காக இரங்கியது. எனக்காக ஒருவரும் இரங்கவில்லை. அவளுடையது தியாகம், என்னுடையது ஃபெயில். பாருங்கள், தோற்றாலும் அவளுக்கு மதிப்பு.

எங்கள் பதிவுக்காலம் அடுத்த பரீட்சையோடு முடிகிறது. இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம். அதிலும் தவறினால் பாஸான பாடங்களும் போய்விடும். வேண்டுமானால் முதலாம் வருடத்திலிருந்து புதிதாகப் பதிய வேண்டும். அவ்வளவு வருடமும் விடிய எழும்பியது எல்லாம் மண்ணாய்ப் போகும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை, பிரதம லிகிதர் எங்கள் கவுண்டருக்கு வந்தார். மேல் கந்தோரில், அதுதான் நிர்வாக அலுவலகத்தில், பட்டதாரி ஒருவருக்கு இடம் வரப்போகிறதாம். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, நீர் உதை மட்டும் முடியும். உம்மடை பேரைத்தான் நான் குடுப்பன்."

நான் பக்கத்தில் இருக்கிறேன். அவள் கதிரைக்கும் என் கதிரைக்கும் ஒரு முழம். இருபத்து மூன்று வருடம் அவருக்குக் கண்ணில் படவில்லை. அவள் பதறிக்கொண்டு, "ஐயோ சேர், அக்காவும்தான் முடிக்கப் போறா" என்றாள். அந்த "அக்காவும்தான்" என்ற சொல்லு இருக்கிறதே, அது அவர் சொன்னதைவிடக் கூடச் சுட்டது. இவள் யார் எனக்குப் பரிந்து பேச?

மறுநாள் என் சனிக்கிழமை. கடைசி வகுப்பு. ஆசிரியர் ஒரு நீண்ட கணக்கைப் பலகையில் படிப்படியாகச் செய்தார். செய்து முடித்துச் சோக்கை மேசையில் போட்டுவிட்டு, "பிள்ளையள், இது கட்டாயம் வரும். இதை விட்டிட்டு வந்து என்னட்டை அழக்கூடாது" என்றார். நான் எழுதினேன். அந்தக் கணக்கு ஒரு முழுப் பக்கம் பிடித்தது. அன்றைக்கு மொத்தம் பதினொரு பக்கம்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்துகொண்டு படம் எடுத்தேன். அந்தப் பக்கம் வந்ததும் கை நின்றது. யோசித்து, திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. தாளைப் புரட்டிவிட்டேன், அவ்வளவுதான். அடுத்த பக்கத்தைப் படம் எடுத்தேன். பத்துப் படம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது.

"மெத்தப் பெரிய உபகாரம் அக்கா. இவ்வளவுதானோ?"

"ஓம்" என்று அனுப்பினேன்.

திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவள் எனக்கு இறால் வறை கொண்டுவந்திருந்தாள். அந்த வறையும் எரிச்சலைக் கிளப்பியது, சொல்லவில்லை. செவ்வாய் சொல்லலாம், புதன் சொல்லலாம். பரீட்சைக்கு முதல் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சன்னதி முருகன் கோயிலுக்குப் போனோம். அனுமதி அட்டையையும் பேனையையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து அவள் பூசகரிடம் நீட்டினாள். தன் பெயர், நட்சத்திரம் சொல்லி, பிறகு என் பெயரும் நட்சத்திரமும் சொன்னாள். என் நட்சத்திரம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். எப்போதோ கேட்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். முருகா, இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொன்னேன். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "நேரமாச்சு பிள்ளை, வாறன்" என்று மினிவானைப் பிடிக்க ஓடினேன்.

பரீட்சைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பதிலாக வேறு பகுதியிலிருந்து ஒரு பொடியனைக் கவுண்டரில் இருத்தினார்கள். மண்டபத்தில் அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால். கட்டாயக் கேள்வி, முதலாவது. அதே கணக்கு. நான் மடமடவென்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பிறகு குனிந்து அடுத்த கேள்விக்குப் போனாள். எனக்கு அந்த நேரம் பயமோ பாவமோ வரவில்லை. இம்முறை நான் முந்திவிட்டேன் என்றுதான் வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

நான் பாஸ். மீதிக் கேள்விகளில் நான் சரியாகச் செய்ததெல்லாம் அவள் வகுப்புக்குப் போன சனிக்கிழமைகளின் பாடம், சிவப்பும் நீலமுமாக அவள் எழுதி அனுப்பியது. அவள் கொஞ்சப் புள்ளியால் ஃபெயில். பரீட்சை மறுமொழி வந்த அன்று என்னைக் கட்டிப்பிடித்து, "அக்கா, ஒரு ஆளாவது கரை சேந்திட்டம்" என்றாள். மேல் கந்தோர் இடம் எனக்கும் வரவில்லை. வவுனியாப் பக்கத்திலிருந்து யாரோ வந்தார்கள். நான் அதே கதிரையில்தான் இருக்கிறேன்.

அந்தப் பாராட்டு விழாவை ஒழுங்கு செய்ததும் அவள்தான். எல்லாரும் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றோம். என் கழுத்தில் இன்னும் மாலை. அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, நான் திரும்பப் பதிஞ்சிட்டன். முதலாம் வருசத்திலையிருந்து."

"எல்லாப் பாடமும் திரும்பவோ?"

"ஓம். இவர் சொன்னவர், வலை கிழிஞ்சாத் திரும்பப் பொத்துறேல்லையோ, பதி எண்டு."

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மேடையில் அவ்வளவு பொய்யையும் சொல்லிவிட்டு வந்த வாய். மாலையைக் கழற்றித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பிள்ளை, அந்தக் கடைசி வகுப்பிலை ஒரு பக்கம் நான் உமக்கு அனுப்பேல்லை. வேணுமெண்டுதான் அனுப்பேல்லை."

அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"எட்டாம் பக்கம்" என்றாள்.

என் கையைப் பார்த்தேன். நாள் முழுக்கத் துண்டுக்கு இலக்கம் போட்டுப் போட்டுப் பழகிய கை. வகுப்பிலும் தாளின் மூலையில் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். பத்துப் படத்தில் ஏழுக்குப் பிறகு ஒன்பது. பதினொன்றில் முடிகிறது. களவெடுத்தவளே களவின் இலக்கத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

"எப்ப கண்டனீர்?"

"சோதினை முடிஞ்சு வீட்டை போய்ப் பாத்தனான். அந்தக் கணக்கு எங்கையாவது இருந்து நான்தான் படியாமல் விட்டிட்டனோ எண்டு தேடினனான். அப்பதான் இலக்கத்தைக் கண்டன்."

அப்படியென்றால் மறுமொழி வந்த அன்று என்னைக் கட்டிப்பிடித்தபோதும் தெரியும். இன்று முன்வரிசையில் இருந்து கை தட்டியபோதும் தெரியும்.

"பின்னை ஏனம்மா என்னட்டைக் கேக்கேல்லை? நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். என்ரை கொப்பியைப் பறிச்சு எறிஞ்சிருக்கலாம்."

அவள் கையைச் சாரியில் துடைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. துண்டில் ஒருவருடைய வயதைக் கேட்டு எழுதுகிற குரலில்தான் சொன்னாள்.

"கேட்டா நெட் வேலை செய்யேல்லை எண்டு சொல்லுவியள், அக்கா. நானும் ஓம், அப்பிடித்தான் இருக்கும் எண்டு சொல்லோணும். பிறகு ரெண்டு பேரும் ஒரு மேசையிலை எப்பிடி இருக்கிறது?"

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு கன்ரீனுக்குப் போனாள்.

இனி எல்லாச் சனியும் நானே கவுண்டரில் நிற்கிறேன், நீர் ஒரு வகுப்பும் விடாமல் போம் என்று மறுநாள் சொன்னேன். "ஓம் அக்கா, நில்லுங்கோ" என்றாள். லீவுப் படிவத்தை நீட்டினாள். கையெழுத்து வைத்தேன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு அவள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போகிறாள். கை காட்டுவாள். நான் வயதானவர்களின் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொண்டு இருப்பேன். பட்டம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. படிக்கப் போகிறவள் அவள். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு இன்னும் எரிகிறது. மூன்றேமுக்காலுக்கு இன்னும் முழிப்பு வருகிறது. போனை எடுத்துப் பார்க்கிறேன். அவள் இருக்கிறாள். எனக்குத்தான் படிக்க ஒன்றும் இல்லை.

போன திங்கட்கிழமை, கூட்டம் ஓய்ந்த நேரம், பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"சனிக்கிழமை என்ன படிப்பிச்சவர்?"

"வழமையானதுதான், அக்கா" என்றாள். அவளுடைய கொப்பி அவளுடைய பைக்குள்ளேயே இருந்தது. "அங்கை, ஆள் வந்திட்டுது" என்று துண்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.